பெருக்கியும் வெப்பமும்



கண்டிக்கு அண்மையில் உள்ள எமது பாடசாலையிற் பரிசளிப்பு விழா நடந்துகொண்டிருந்தது. தலைவர் பேசுகையில் ஒலிபெருக்கி திடீரென ஓய்ந்தது. தூறலுக்கு அஞ்சிய மாணவன் ஒருவன், குரலுக்கு வலுவூட்டும் பெருக்கியைத் தடித்த போர்வையால் மூடியிருந்தான். “இது சூடேறாத புதுவகைக் கருவி என்றார்களே, சேர்?” என்றான். அவ்வினாவுக்கு விடை தேடப் புகின், அது எண்பது ஆண்டு வரலாறாக விரிகின்றது.

1944 ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபு, தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் அமைத்தார். அக்காலத்து வானொலிக் கருவிகள் பெரும்பாலும் வால்வுகளால் இயங்கியவை. வால்வுக்குச் சூடு பகையன்று. உள்ளிருக்கும் இழை சூடேறினால்தான் இலத்திரன்கள் வெளிப்படும்.

1947 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடேற்றும் இழை வேண்டியதில்லை. மாறாக, சூடு மிகுந்தால் அதுவே அழிந்துவிடும். பழைய முறைப் பெருக்கியில் அது பாதி திறந்த நீர்க்குழாயைப் போல நின்று, மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் ஒருங்கே தாங்குகிறது. அவ்விரண்டின் பெருக்கமே வீணாகும் வெப்பம். நூற்றுக்கு 60 பங்கு பயன் தரும் பெருக்கி 100 வாற்று ஒலிவலுவை வழங்கும்போது, ஏறத்தாழ 67 வாற்று வெப்பமாகக் கழிகின்றது.

இதற்கு மாற்றாக எழுந்ததே ஆளிமுறை. திரான்சிஸ்டரை முழுதும் திறப்பது, அன்றேல் முழுதும் மூடுவது. திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலியின் வடிவை உணர்த்துவது. கொழும்பிலிருந்து பொறியியற் பீடம் பேராதனைக்கு வந்த அதே 1964 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சின்கிளேயர் நிறுவனம் இம்முறையில் ‘எக்ஸ்-10’ என்னும் பெருக்கியை விற்பனைக்கு விட்டது. பெயரிலிருந்த 10 வாற்று, கருவியில் இருக்கவில்லை. கருத்துப் பிழையன்று, அந்நாளைய திரான்சிஸ்டர்களுக்கு வேகம் போதவில்லை. திறப்புக்கும் மூடலுக்கும் இடைப்பட்ட கணத்தில் ஓட்டமும் அழுத்தமும் ஒருங்கு கூடுகின்றன. அக்கணம் நீண்டால் வெப்பமும் பெருகும்.

பின்னாளில் விரைந்தியங்கும் திரான்சிஸ்டர்கள் வந்தபின், நூற்றுக்கு 90 பங்கு பயன் கிட்டலாயிற்று. அதே 100 வாற்றுக்கு இழப்பு ஏறத்தாழ 11 வாற்றே. ஆயினும் ஆளி, செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை திறந்து மூடுவதால், சிறு இழப்புகளும் திரண்டு வெப்பமாகின்றன. மேலும், இணைந்தியங்கும் இரண்டு ஆளிகளும் ஒருசேரத் திறந்தால் மின்வழங்கி குறுக்குச் சுற்றாகிக் கருவி எரிந்துபோகும். எனவே, ஒன்று மூடிய பின்னர் மற்றது திறக்கும் வரை நுண்ணிய இடைவெளி விடுகின்றனர். வெப்பம் எல்லை கடந்தால் தானே நிறுத்தும் காவலையும் உள்ளே வைக்கின்றனர்.

அன்று எமது பெருக்கியை ஓயச்செய்தது அக்காவலே. அதைத் துண்டித்துவிட்டு நேரே இயக்கலாம் என்று ஒருவர் கூறினார், நான் இசையவில்லை. போர்வையை நீக்கி, கருவியைக் கூரையின் கீழ் வைத்தோம். கால் மணி நேரத்தில் ஒலி மீண்டது. கண்டியின் குளிர்காற்றும் உலோகத் தகட்டைத் தீண்டினால்தான் வெப்பத்தைக் கொண்டுசெல்லும். சூடு குறைந்த கருவி வேறு, சூடேறாத கருவி வேறு என்பதை அம்மாணவன் அன்று கண்டான். அவனோடு நானும் கண்டேன்.