பள்ளிக்கூடம் எங்கே நிற்கிறது?

மந்தைவெளி என்ற பெயரிலேயே மந்தையும் இருக்கிறது, வெளியும் இருக்கிறது. இன்றைக்கு இரண்டும் இல்லை. பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. வடக்கே மயிலாப்பூர் மாட வீதிகள், கிழக்கே பட்டினப்பாக்கமும் சீனிவாசபுரமும், தெற்கே அடையாறு. இந்த வட்டாரத்தில் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு யார் வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள்? வீட்டு வேலை செய்கிறவர், துப்புரவுத் தொழிலாளி, மீனவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கொத்தனார், சித்தாள் வீட்டுப் பிள்ளைகள்தான். மற்றவர்கள் மாநகராட்சிப் பள்ளியை விட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று.

இந்தப் பள்ளிக் கட்டடங்கள் பழசாகிவிட்டன. சிலவற்றைச் செப்பனிட வேண்டும், சிலவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். சரி, செய்யட்டும். ஒழுகுகிற கூரையின் கீழே நம் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பள்ளிக் கட்டடம் என்றால் வெறும் செங்கல்லும் சிமெண்டும் என்று நினைக்கிறவர்கள் நம் வரலாறு தெரியாதவர்கள். பள்ளியை எந்த இடத்தில் கட்டுவது, யார் மனையில் கட்டுவது, அதற்குப் போகிற பாதை எது என்பதை வைத்துத்தான் இந்த மாகாணத்தில் நம்மை வெளியே நிறுத்தினார்கள். அந்தக் கதையை முதலில் பேசுவோம்.

சென்னை மாகாண அரசு 1893 பிப்ரவரி 1-ஆம் தேதி பஞ்சமர் கல்விக்காக 68-ஆம் எண் அரசாணையைப் பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு, 1894-ல், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை என்று பள்ளிகள் பெருகின. 1901-ல் மயிலாப்பூரில் திறந்த பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். ஊரூரிலிருந்து மயிலாப்பூர் போகிற வழியில்தான் மந்தைவெளி. நூறு வருஷத்துக்கு முந்தியே சேரிப் பிள்ளைகள் சிலேட்டோடு நடந்த வட்டாரம் இது.

ஆல்காட் செய்ததை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1898-ல் அவரோடு பேசி, பௌத்தத்தின் பக்கம் போன வரலாறும் இதோடு சேர்ந்தது. ஆனால் அந்தப் பள்ளிகளுக்கு ஒரு எல்லை இருந்தது. ஆரம்பக் கல்வி போதும், அதற்கு மேல் இவர்களை ஏற்றிவிட வேண்டாம் என்பதே அந்த எல்லை. அதே அடையாறிலிருந்து அன்னி பெசன்ட் அம்மையார் 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளின் உடம்பு பல தலைமுறை சுத்தமான உணவிலும் பழக்கத்திலும் வளர்ந்த பிறகுதான் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் உட்காரத் தகுதி பெறும் என்பது அவர் வாதம். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945-ல் வெளியிட்ட நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் இந்தக் கட்டுரையை எடுத்துப் போட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று வைத்தார். ஊரூரைச் சுற்றி எழுந்த நகருக்கு இன்றைக்குப் பெசன்ட் நகர் என்று பெயர். ஆல்காட் நினைவுப் பள்ளியும் அங்கேயே இருக்கிறது. பெயர் பலகைகளுக்குப் பின்னால் இவ்வளவு கதை கிடக்கிறது.

தனிப் பள்ளி தர்மம். பொதுப் பள்ளி உரிமை. அந்த உரிமை எப்படி மறுக்கப்பட்டது? 1919-ல் அரசே கணக்கு எடுத்துப் பார்த்தது. பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் 609-ல் மட்டும்தான் பஞ்சமப் பிள்ளைகள் நுழைய முடிந்தது. சட்டத்தில் தடை கிடையாது. பின்னே என்ன தடை? பள்ளி அக்ரகாரத்துக்குள் இருக்கிறது. கோயிலை ஒட்டி இருக்கிறது. ஊர்ச் சாவடியில் நடக்கிறது. வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது, வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். "நாங்க வேணாம்னு சொல்லலைங்க, இடம் அப்படி" என்கிற பதில்தான். பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அப்போது அரசு உத்தரவு போட வேண்டியிருந்தது.

இங்கேதான் தோழர்கள் நின்று கவனிக்க வேண்டும். வரி நம்முடையது, பள்ளி பொதுப் பள்ளி, வாத்தியாருக்குச் சம்பளம் பொதுப் பணம். கட்டடம் நிற்கிற இடம் ஒன்றே போதும், எழுதப்படாத சட்டமாக அது வேலை செய்யும். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் கட்டடத்திலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தாரே, ஏன்? தெருவில் நடக்க முடியாதவன் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவான்?

பொதுப் பள்ளியின் கதவு திறக்கட்டும் என்று நம்மவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கல்விக்காக ஓயாமல் பேசினார். 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓர் அணா செலவில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்ததும் இதே காலம்தான். கட்டடம் இருந்தால் மட்டும் பிள்ளை வராது, வயிறும் நிறைய வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோறு போடக்கூடாது என்று சொல்லி, 1925-ல் அதை நிறுத்தியது அரசு.

தொழிலாளர் துறை நடத்திய 'லேபர் ஸ்கூல்', விடுதலைக்குப் பிறகு ஹரிஜன நலப்பள்ளி ஆயிற்று. அப்புறம் ஆதிதிராவிடர் நலப்பள்ளி. இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப்பள்ளிகள் இருக்கின்றன. சேரிக்குப் பக்கத்தில், சேரிப் பிள்ளைகளுக்காக என்று கட்டியவை. பெரும்பாலும் கடைசியாகச் செப்பனிடப்படுகிறவையும் அவைதான்.

இனி கட்டடத்துக்கு வருவோம். பழுது என்றால் என்ன என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டும், இஞ்சினியர் மட்டும் தெரிந்துகொள்கிற விஷயமாக விட்டுவிடக் கூடாது. நூறு வருஷத்துக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை. மழைத் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அவை நிற்கும். தெரிந்த கொத்தனார் இருந்தால் பழுது பார்க்கலாம். அவற்றுக்குப் பின்னால் அவசரத்தில் கட்டிய கான்கிரீட் கட்டடங்கள் வேறு கதை. மந்தைவெளி, பட்டினப்பாக்கம் மாதிரிக் கடல் பக்கத்து இடங்களில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி மேல் பூச்சை உடைத்துத் தள்ளும். கூரையிலிருந்து காரை விழுகிறது என்றால் உள்ளே கம்பி போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் வெள்ளை அடித்து மறைப்பது பிள்ளைகளின் தலையோடு விளையாடுவது.

அப்படி விளையாடியதன் கணக்கு நம்மிடம் இருக்கிறது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் செத்தார்கள். 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டுபிடித்து இடிக்க அரசு உத்தரவிட்டது. 2022-ல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுக்கு 7,000 கோடி ரூபாய்க்குப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவித்தார்கள். சென்னை மாநகராட்சி பிரெஞ்சு வளர்ச்சி நிறுவனத்தின் கடனுதவியோடு 28 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தியது. பணம் வருகிறது. நல்லதுதான்.

ஆனால் இடிக்க ஒரு வாரம் போதும். கட்ட டெண்டர், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர் என்று வருஷம் ஓடும். அந்த நாட்களில் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? "பக்கத்து ஸ்கூலுக்கு அனுப்பிடுங்கம்மா" என்பார்கள். பக்கத்துப் பள்ளி பெரிய ரோட்டைத் தாண்டி இருக்கும். காலையில் ஆறு மணிக்கே வேலைக்குப் போகிற அம்மா பிள்ளையை யாரோடு அனுப்புவாள்? அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு போவாள், கொஞ்ச நாளில் அக்காவின் படிப்பு நிற்கும். எண்ணிக்கை குறையும். புதுக் கட்டடம் எழும்போது "போதிய மாணவர் இல்லை" என்று கோப்பில் எழுதுவார்கள். யாரும் வேண்டுமென்று செய்யத் தேவையில்லை, திட்டத்தில் ஒரு வரி விட்டுப்போனால் போதும்.

இன்னொரு வேலையும் கூடவே நடக்கிறது. பள்ளியைப் புதுப்பிக்கிறார்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துகிறார்கள். 2000-த்திலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்து உழைக்கும் மக்களை, அதில் பெரும்பகுதி தலித் மக்களை, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022-ல் மந்தைவெளிக்குப் பக்கத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் இருந்த ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், உச்ச நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். அது பொதுத் தேர்வு நேரம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். முதியவர் ஒருவர் தீக்குளித்துச் செத்த பிறகுதான், மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு தருவோம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார். பக்கத்திலேயே வீடு தர முடியும் என்பது ஒரு உயிர் போனால்தான் தெரியவருமா? 1919-ல் பள்ளியை அக்ரகாரத்துக்குள் வைத்து நம்மை வெளியே நிறுத்தினார்கள். இப்போது பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது, நம்மைத்தான் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நகர்த்துகிறார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவத்தையும் பார்ப்போம். தென் மாநிலங்களில் 1912 முதல் 1932 வரை ரோசன்வால்ட் என்ற வணிகரின் நிதியோடு கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறக்குறைய 5,000 பள்ளிகள் கட்டினார்கள். அந்த மக்களும் தங்கள் காசையும் உழைப்பையும் நிலத்தையும் போட்டுக் கட்டியவை அவை. 1954-ல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு தனிப் பள்ளி செல்லாது என்றது. மகத்தான தீர்ப்பு. ஆனால் இணைப்பு நடந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள், வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள். 2023 நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று தமிழக அரசு அறிவித்தபோது நம் அமைப்புகள் பல எதிர்த்தது இதனால்தான். சேரி என்ற முத்திரை பள்ளியின் மேலிருந்து போகட்டும். பள்ளியின் நிலமும் ஆசிரியர் பணியிடமும் யார் கைக்குப் போகும் என்பதற்கு முதலில் பதில் வேண்டும்.

என்ன செய்யலாம்? சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். 22-ஆம் பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் எதை இடிப்பது, எதைப் பழுது பார்ப்பது என்ற பேச்சு நம் அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் நடக்க வேண்டும். கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுவது போதாது.

அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை இவை. கட்டடத்தைச் சோதித்த அறிக்கையைத் தமிழில் காட்டு. பழுது பார்த்தால் என்ன செலவு, புதிதாகக் கட்டினால் என்ன செலவு, இரண்டையும் சொல். வேலை முடிகிற வரை வகுப்பு எங்கே, அங்கே போக வண்டி உண்டா, சத்துணவு எங்கே சமைப்பது என்று எழுத்தில் கொடு. பள்ளியின் நிலம் பள்ளிக்கே என்று பதிவு செய். கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் நியமித்து, சம்பளத்தையும் திட்டத்தில் சேர். 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை ஒருவர் கைதானாரே, அதை மறக்காதே. அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் குடியிருப்பை வேலை நடக்கும்போது அப்புறப்படுத்த மாட்டோம் என்று உறுதி கொடு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியில் இடிக்கப் போகிற ஒவ்வொரு பள்ளியின் கதையையும் இப்போதே எழுதி வையுங்கள். எந்த வருஷம் கட்டினார்கள், யார் நிலம், எந்த வருஷம் முதல் தலித் பிள்ளை சேர்ந்தது, யார் சேர்த்தது. பள்ளிப் பதிவேட்டில் பாதி இருக்கும், மீதி பாட்டிமார்களிடம் இருக்கும். கட்டடம் போனால் அது நமக்கு எப்படித் திறந்தது என்ற சாட்சியும் கூடவே போய்விடும்.

நல்ல கட்டடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். உறுதியான கூரை, வெளிச்சம், தண்ணீர், ஆட்டத்துக்கு இடம் எல்லாம் வேண்டும். அதை அவர்கள் நடந்து போகிற தூரத்தில், அவர்கள் வாழ்கிற இடத்தில் கட்டச் சொல்லிக் கேட்போம். கேட்காமல் விட்டால் 1919-ல் இருந்த மாதிரியே ஆகும்: பள்ளிக்கூடம் இருக்கும், சட்டமும் இருக்கும், நாம் வெளியே இருப்போம்.