முகநூலும் சஹானாவும்: எந்த மொழி நல்லது?



உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்று எங்களிடம் கேட்டது: "சேர், முகநூல் மாதிரி ஒன்று செய்ய எந்தக் கணினி மொழி படிக்க வேணும்?" நல்ல கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

நாம் பார்ப்பது போனின் திரையைத்தான். நாம் போடும் பெயரையும் படத்தையும் வாங்கிச் சேமித்து, உரியவருக்குக் காட்டும் வேலையைச் செய்வது எங்கோ இருக்கும் சேர்வர். அந்த சேர்வருக்குக் கட்டளை எழுதும் மொழியைத்தான் பிள்ளை கேட்டது.

முகநூலுக்கு முன்னர் பேர்போனது பிரெண்ட்ஸ்டர். அது ஜாவாவில் ஓடியது. ஆட்கள் கூடக் கூடப் பக்கம் திறக்கத் தாமதமானது. 2004இல் பிஎச்பிக்கு மாறினார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் மார்க் சக்கர்பெர்க் ஹார்வர்ட் விடுதி அறையிலிருந்து முகநூலைத் தொடங்கினார். அதுவும் பிஎச்பிதான். ரஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர் தன் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதி, 1995இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த மொழி அது. படிக்க இலகு, ஆனால் வேகம் குறைவு. கோடிக்கணக்கில் ஆட்கள் சேர்ந்த பின்னர், பிஎச்பியை சி பிளஸ் பிளஸ் ஆக மாற்றும் ஹிப்ஹொப் என்ற கருவியை 2010இல் முகநூல் வெளியிட்டது. 2014இல் பிஎச்பியிலிருந்து ஹக் என்ற புது மொழியையே உருவாக்கியது. குறையுள்ள மொழியில் தொடங்கி, தேவை வந்தபோது திருத்திக்கொண்டார்கள்.

அதே 2004, டிசெம்பர் 26. எங்கள் முல்லைத்தீவுக் கரையைக் கடல் வாரிக்கொண்டு போன நாள். அடுத்த நாட்களில் இலங்கையின் கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். சஹானா என்றால் சிங்களத்தில் நிவாரணம். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார், எங்கே என்ன தேவை என்று பதியும் ஏற்பாடு அது. அவர்கள் எடுத்ததும் பிஎச்பிதான். இலவசம், பலருக்குத் தெரிந்தது, சாதாரணக் கணினியிலும் ஓடும். அவசரத்தில் வேறென்ன வேண்டும்? 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் சஹானா உதவியது. பிறகு பைதனில் புதிதாக எழுதப்பட்டு, 2010இல் ஹெயிட்டி வரை போனது. மொழி மாறியது, வேலை மாறவில்லை.

அந்தப் பதிவேட்டின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட எங்கள் மூத்தவர்கள், புத்தளத்து முகாம்களில் யார் எங்கே என்று வாய்வழியாகக் கேட்டுத்தான் சொந்தங்களைத் தேடினார்கள். 2009இல் எங்கள் தமிழ் உறவுகள் மெனிக் பாம் முட்கம்பிக்கு இரு பக்கமும் நின்று பெயர் சொல்லித் தேடினார்கள். ஒரு பெயரும் ஒரு முகாம் இலக்கமும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் எத்தனை தாய்மாரின் இரவுகள் குறைந்திருக்கும்!

ஆகவே பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில் இது: "உனக்கும் உன்னோடு சேர்ந்து செய்பவர்களுக்கும் தெரிந்த மொழியில் தொடங்கு. உயர்தரத்தில் படிக்கிற பைதனே போதும். யாருக்காகச் செய்கிறாய் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்."

பெற்றோரே, வீட்டில் பழைய கணினி ஒன்று கிடந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும். இன்ஷா அல்லாஹ், அடுத்த பதிவேட்டை வன்னிப் பிள்ளைகள் எழுதட்டும்.