கன்றோடு வந்த நோய்

லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறும் ரோட்டின் மறுமுனை கோட்டயம். வாழையின் முடிக்கொத்து நோய்க்கு இந்தியாவில் அதுதான் தொடக்கம். 1913இல் இலங்கையில் தென்பட்ட நோய் 1940 வாக்கில் அங்கே வந்தது.

குற்றவாளி அசுவினி என்கிறது வேளாண்மைச் சொல்லாடல். பாதி உண்மைதான். தோட்டம் விட்டுத் தோட்டம் அதுதான் பரப்புகிறது. ஆனால் கடல் தாண்டியது மனிதர் கொண்டுவந்த கன்றின் கிழங்கில். நச்சுயிரி உள்ளே இருந்தாலும் கன்று பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி நடும் நம்ம பழக்கமே (உறவும்தான்) அதற்கு வண்டி.

1959இல் அரசு, நோய் கண்ட மாநிலங்களிலிருந்து கன்று வெளியே போகத் தடை போட்டது. அதற்குள் பத்தொன்பது வருஷம் போய்விட்டது. 1970களில் கீழ்ப்பழனி மலையில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த விருப்பாட்சி வாழை பின்னர் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது.

இப்போது திசு வளர்ப்புக் கன்று வாங்கச் சொல்கிறார்கள். சரிதான். சும்மா கிடைத்த கன்றைக் காசு கொடுத்து வாங்க, கம்பம் பள்ளத்தாக்கின் குத்தகை விவசாயி எங்கே போவார் என்றுதான் நான் கேட்கிறேன்.