பதாகை அச்சு யந்திரம்: சிற்றச்சகத்தின் தேர்வு

பதாகை அச்சு யந்திரம் என்பது, அகன்ற சுருளாக வரும் பிவிசி விரிப்பின்மீதோ துணியின்மீதோ, கணினியில் அமைத்த படத்தை நுண்ணிய மைத்துளிகளாகத் தெளித்துப் பதிக்கும் சாதனமாகும். ஒரு காலத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் வானளாவ நின்ற சினிமா விளம்பரங்களைத் தூரிகையால் தீட்டிய ஓவியர்களின் தொழிலைப் பெரும்பாலும் தன்வசமாக்கிக்கொண்டு, இன்று தாலுகா ஊர்களிலும் கல்யாண வாழ்த்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை சகல காரியங்களுக்கும் தெருமுனையில் நிற்கும் பிளக்ஸ்களை உற்பத்தி செய்வது இதுவே. விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடித்துக்கொண்டிருந்த சிற்றச்சகம் ஒன்று இத்தகைய யந்திரத்தை வாங்க உத்தேசிக்கும்போது, விலையையும் வேகத்தையும் முதலில் விசாரிப்பது வழக்கமாயினும், பின்னாளில் அதன் லாப நஷ்டத்தை நிர்ணயிப்பவை பெரும்பாலும் வேறு இரண்டு: யந்திரத்தில் மையைத் தெளிக்கும் ஹெட், அந்த ஹெட் சும்மா இராதபடி நாள்தோறும் வரக்கூடிய வேலை.

மையின் ஜாதியைக் கொண்டே யந்திரங்கள் வகைப்படும். பாலியஸ்டர் வலையின் இருபுறமும் பிவிசி ஒட்டிய பிளக்ஸ் விரிப்பின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, அதனுள் நிறத்தை ஊன்றச் செய்வது சால்வென்ட் மை. வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுப்பதாலும், சதுர அடிக்கு ஆகும் செலவு குறைவாதலாலும், வெளிப்புறப் பதாகைக்கு நம் ஊர்களில் இதுவே பிரதானமாக உபயோகத்தில் இருக்கிறது. வாசனை குறைந்த எக்கோ சால்வென்ட், கடைக்குள் ஒட்டும் வினைல் ஸ்டிக்கருக்கும் கிட்ட நின்று பார்க்கும் படங்களுக்கும் உகந்தது. எச்பி நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த லேட்டக்ஸ் மை நீரை ஆதாரமாகக் கொண்டது. யூவி மையோ புற ஊதா ஒளி பட்ட மாத்திரத்தில் இறுகிவிடுவதால், பலகை கண்ணாடி முதலியவற்றின்மீதும் அச்சிட இடமளிக்கிறது. பின்னிரண்டும் சிறப்புடையனவே, ஆனால் சதுர அடிக்கணக்கில் பேரம் பேசும் வாடிக்கையாளரை நம்பித் தொடங்குபவருக்கு அவற்றின் முதலீடு பெரும் பாரம் என்பதே என் அபிப்பிராயம்.

இனி ஹெட். மின்சாரம் பாய்ந்தால் உருமாறும் பீசோ படிகங்கள், மை நிறைந்த நுண்ணறைகளை அழுத்த, கண்ணுக்குப் புலனாகாத துவாரங்கள் வழியே துளி தெறிக்கிறது. சால்வென்ட் யந்திரங்களில் பரவலாகக் காணப்படும் கோனிகா 512 ஹெட்டில் இத்துவாரங்கள், அதாவது நாசில்கள், 512. ஒரு துளியின் அளவு ரகத்துக்கேற்ப 14, 30, 42 பிகோலிட்டர் என வேறுபடும். பிகோலிட்டராவது லிட்டரில் லட்சங்கோடியில் ஒரு பங்கு. இத்தனை சிறிய வழியில் மை உலர்ந்துபோனால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. காலையில் கடை திறந்தவுடன் ஆபரேட்டர் முதலில் அடிப்பது நாசில் செக் என்னும் கோட்டு வரிசையே. மஞ்சளில் நான்கு கோடு விட்டிருந்தால், ஹெட்டினூடே மையை அழுத்தி வெளியேற்றி, கரைப்பானில் நனைத்த மென்பஞ்சால் அடிப்பரப்பை ஒற்றி எடுத்து, கோடுகள் அத்தனையும் திரும்பும் வரையில் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்த பிறகுதான் அன்றைய வேலை ஆரம்பமாகும். ஆகவே நாள்முழுதும் ஓடும் யந்திரத்தைவிட, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் யந்திரமே ஹெட்டை விரைவில் பலி கொடுக்கிறது. வேலையோ ஆண்டு முழுதும் ஒரே சீராக வராது: மார்கழியில் கல்யாணம் இல்லை. ஆடியிலும் இல்லையெனினும் அம்மன் கோயில் திருவிழாக்கள் அம்மாதத்தைக் காப்பாற்றிவிடும். அரசியல் ஆர்டர்களை மட்டும் நம்புவதும் விவேகமன்று: 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பதாகை சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த துயரத்துக்குப் பின், கட்சிகளே தம் தொண்டர்களைப் பதாகை வைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டன. அன்றாட வேலை உறுதிப்படாதவர், பக்கத்து நகரத்துப் பெரிய அச்சகத்தில் ஜாப் ஒர்க்காக அடித்து வாங்கி விற்பதே சில காலத்துக்கு உத்தமம்.

நுணுக்கம் பற்றி விற்பனையாளர் சொல்லும் எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். பத்து மீட்டர் தூரத்தில் நிற்பவரின் கண்ணுக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியிலுள்ள இரு புள்ளிகள் ஒன்றாகவே தோன்றும். பத்துக்கு இருபது அடிப் பதாகையை அங்குலத்துக்கு 72 புள்ளியில் நான்கு நிறத்தில் அமைத்தால் கோப்பு சுமார் 600 எம்பி. அதையே 300 புள்ளியில் அமைத்தால் பத்து ஜிபியைத் தாண்டிக் கணினி திணறும், பதாகையோ கடுகளவும் மேம்படாது. வேகமும் இப்படியே. குறைந்த பாஸில், அதாவது ஒரே இடத்தின்மீது ஹெட் சில தடவை மட்டும் கடக்கும்படி, அடிக்கும் வேகத்தையே விளம்பரத்தில் காட்டுவர். அதில் முகங்களின்மீது வரிவரியாகக் கோடு விழும் என்பதால், நடைமுறையில் பாஸைக் கூட்டி மெதுவாகத்தான் ஓட்ட நேரிடும். வழக்கமான அகலம் 3.2 மீட்டர், பத்தரை அடி. ஐம்பது மீட்டர் சுருள் ஒன்றில் சுமார் 1,720 சதுர அடி தேறும். ஆனால் ஆறடி ஆர்டரைப் பத்தடிச் சுருளில் தனியே அடித்தால் எஞ்சுவது வீண் என்பதால், வெவ்வேறு அகலச் சுருள்களைக் கையிருப்பில் வைப்பதும், சிறு ஆர்டர்களைப் பக்கம்பக்கமாக அடுக்கி அடிப்பதும் லாபத்தின் ஒரு பகுதி.

யந்திரத்தைச் சுற்றி மனிதர் நடமாட இடமும், சுருளை ஏற்றி இறக்க வழியும் வேண்டும். சால்வென்ட் மைகளில் பெரிதும் கலக்கும் சைக்ளோஹெக்சனோன் கண்ணையும் தொண்டையையும் உறுத்துவது. 44 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை எழுப்புவது. எனவே ஜன்னலில்லாத பின்னறையில் யந்திரத்தை வைத்துவிட்டு ஊதுவத்தி கொளுத்துவது பரிகாரமாகாது, ஆவியை வெளியே இழுக்கும் விசிறி அவசியம். நல்ல எர்த்தும் யூபிஎஸ்ஸும் இல்லாத கட்டடத்தில் ஹெட்டை இயக்கும் மின்பலகை பழுதாவது சகஜம். 2022 ஜூலை 1 முதல் இந்தியாவில் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பதாகைகளுக்குத் தடை உள்ளதால், மலிவான மெல்லிய விரிப்பை வாங்குமுன் அதன் கனத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

பழைய யந்திரம் வாங்குவோர், விற்பவர் தயாராக வைத்திருக்கும் அழகிய நடிகை படத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல், நான்கு நிறங்களையும் தனித்தனியே, முழு அகலத்துக்கும், நூறு சதவிகித அடர்த்தியில் அடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். விட்டுப்போன நாசில் வெள்ளைக் கீற்றாகவும், நகர்வில் உள்ள கோளாறு ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பட்டையாகவும் அப்போதே வெளிப்பட்டுவிடும். அதே யந்திரத்தைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் என்ஜினீயர் எந்த ஊரில் இருக்கிறார், அழைத்தால் எத்தனை நாளில் வருவார் என்பதை விற்பவரிடமன்றி, அந்த யந்திரத்தை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கடைக்காரரிடம் விசாரிப்பது மேல்.