தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனத்தில் வேலை: நம் பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

கல்லூரிக்கு அக்சென்ச்சர் வளாகத் தேர்வு நடத்த வருகிறது என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நிறுவனம் எதை விற்கிறது? இதற்கு விடை தெரிந்தால் நேர்முகத் தேர்வில் எதைப் பார்க்கிறார்கள், வேலை எப்படி இருக்கும் என்பதும் விளங்கிவிடும்.

நிறுவனத்தின் வரலாறு

1913-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கப்பட்ட ஆர்தர் ஆண்டர்சன் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்திலிருந்து கிளைத்ததே அக்சென்ச்சர். 1989-இல் ஆலோசனைப் பிரிவு தனி அமைப்பானது. நீண்ட பிணக்குக்குப் பின் 2000-இல் வந்த நடுவர் தீர்ப்பால் உறவு முறிந்தது. 2001 ஜனவரி 1 முதல் புதிய பெயர் வந்தது. இன்று தலைமையகம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ளது. உலகெங்கும் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் பணியாற்றுகிறார்கள். அவர்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கிறார்கள். சென்னையிலும் அலுவலகங்கள் உள்ளன.

வேலை எப்படி இருக்கும்?

இந்நிறுவனம் விற்பது ஊழியர்களின் திறமையையும் நேரத்தையும். வங்கி, மருத்துவமனை, விமான நிறுவனம், அரசுத்துறை போன்ற வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் அமைப்பது, பராமரிப்பது, ஆலோசனை சொல்வது ஆகியவை அதன் பணி. எனவே எந்தப் பிராஜெக்ட் கிடைக்கும் என்பதை வாடிக்கையாளரின் தேவையே பெரும்பாலும் முடிவு செய்யும். பிராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் காலத்தை 'பெஞ்ச்' என்பார்கள். அப்போது சும்மா இராமல் புதியதைக் கற்பவருக்கே அடுத்த வாய்ப்பு எளிதாகும். நியூயார்க் நேரம் நம்மைவிட ஒன்பதரை முதல் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் மாலை, இரவு நேரப் பணி வரலாம். ஷிப்ட் நேரம், பணியிடம், இரவில் வீடு திரும்ப வாகன வசதி ஆகியவற்றைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்து கொள்வதில் தவறில்லை. பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

தேர்வில் பார்ப்பது என்ன?

புதியவர்களுக்குப் பொதுவாக முதலில் இணையவழித் தேர்வு இருக்கும். பகுத்தறியும் திறன், கணினி அடிப்படைகள், நிரல் எழுதுதல், ஆங்கிலப் பேச்சு ஆகியவை சோதிக்கப்படும். பிறகு நேர்முகத் தேர்வு. இவரை நாளை வாடிக்கையாளர் முன் நம்பி அமர்த்தலாமா என்பதையே அங்கு எடை போடுகிறார்கள். இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தைவிட, தெளிவாகவும் பொறுமையாகவும் விளக்குவது உதவும்.

கல்லூரியில் செய்த பிராஜெக்ட் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள் என்றே வைத்துக் கொள்ளுங்கள். என்ன சிக்கல் இருந்தது, அதில் உங்கள் பங்கு என்ன, என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்ற வரிசையில் இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். காசு கொடுத்து வாங்கிய பிராஜெக்ட் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏமாற வேண்டாம்

வேலை தருவதற்கு அக்சென்ச்சர் பணம் வாங்குவதில்லை. "உள்ளே ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுங்கள்" என்று எவர் சொன்னாலும் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் விண்ணப்பியுங்கள், அல்லது கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவை அணுகுங்கள்.

போலி அனுபவச் சான்றிதழும் அப்படித்தான். சேர்ந்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். பிடிபட்டால் வேலையோடு பெயரும் போகும். ஆர்தர் ஆண்டர்சன் என்ற பழைய தாய் நிறுவனமே, என்ரான் விவகாரத்தில் ஆவணங்களை அழித்த வழக்கில் சிக்கி 2002-இல் சரிந்தது. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தும் போன நம்பிக்கை திரும்பவில்லை. பல்லாயிரம் பேர் வேலை பார்த்த நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், வேலை வாழ்வைத் தொடங்கும் ஒரு பிள்ளைக்கு நம்பகத்தன்மை எவ்வளவு பெரிய முதல் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.