உப்பு நீரும் ஓணானும்

புதிதாக வாங்கி வந்த வளர்ப்பு ஓணானை மருத்துவரிடம் கொண்டு சென்றால், அவர் முதலில் கேட்பது அதன் எச்சத்தைத்தான். அதைச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதப்பதை உருப்பெருக்கியில் நோக்குவார். இம்முறை பிறந்த வரலாற்றில் மலாயாவுக்கும் தொடர்பு உண்டு.

தோட்டத் தொழிலாளரின் குருதியை உறிஞ்சிச் சோகையில் வீழ்த்திய கொக்கிப்புழுவை ஆராய, அமெரிக்காவின் ராக்கபெல்லர் அறநிலையம் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி நாடுகளுக்கு ஒரு குழுவை அனுப்பிற்று. தலைவர் டார்லிங், உடன் பணியாற்றியவருள் ஒருவர் பார்பர். அக்காலத்தில் சிறிதளவு மலத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவித் தேடுவர். முட்டைகள் குறைவாயின் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும்.

1918இல் கோஃபாயிட் என்பாரும் பார்பரும் எளிய வழியொன்றை வெளியிட்டனர். செறிந்த உப்பு நீரில் கசடு அடியில் தங்கும். எடை குறைந்த முட்டைகள் மேலே மிதக்கும். 1921இல் வில்லிஸ் என்பார், நீரின் மேற்பரப்பைத் தொடுமாறு கண்ணாடித் தகட்டை வைத்து, முட்டைகள் அதில் ஒட்டிக்கொள்ளச் செய்தார். பின்னர் கால்நடை மருத்துவரும் இவ்வழியைக் கைக்கொண்டனர்.

ஓணான் தன் நோயை எளிதில் வெளிக்காட்டாது. பயணக் களைப்பும் இடுங்கிய கூண்டும் அதனை வாட்டும்போது, உள்ளே அடங்கியிருந்த ஒட்டுண்ணிகள் பெருகும். ஆயினும் முட்டை கண்டவுடன் மருந்தூட்ட வேண்டுமென்பதில்லை; சிலவகைக் குடற்புழுக்கள் சிறு அளவில் இருந்தால் தீங்கு செய்யா.

உப்பு நீருக்கும் எல்லை உண்டு. நீந்தும் நுண்ணுயிர்கள் அதில் சுருங்கிச் சிதையும். ஆகவே புதிய எச்சத்தைத் தனியே நேரடியாகவும் பார்க்க வேண்டும். சிறுத்தைப் புள்ளிப் பல்லிகளை மெலிவித்துக் கொல்லும் கிரிப்டோஸ்போரிடியம் மிக நுண்ணியது. அதனைக் காணத் தனிச் சாயம் தேவை. அது நாள்தோறும் எச்சத்தில் வெளிப்படுவதுமில்லை. எனவே ஒரு சோதனையில் ஒன்றும் காணாமையால் நோயில்லை எனத் துணியலாகாது. இரண்டு மூன்று மாதம் தனியே வைத்துப் பன்முறை சோதிப்பதே முறை. நலமாய்த் தோன்றும் ஓணானிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

கொக்கிப்புழு புகட்டிய பாடம் இன்னொன்று. மருந்துண்டு தேறிய தொழிலாளி, அசுத்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் நோயுற்றான். கழிப்பிடமும் காலணியும் வந்த பின்னரே மருந்து நிலைத்த பயன் தந்தது. கூண்டைத் தூய்மை செய்யாது ஓணானுக்கு மருந்து மட்டும் ஊட்டுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.