சில்லில் குவாண்டம் ஒளி மூலங்களைக் கட்டுப்படுத்துதல்

குவாண்டம் ஒளி மூலம் என்பது ஒளித்துகள்களை (ஃபோட்டான்) தனித்தனியாகவோ இரட்டையாகவோ வெளியிடும் அமைப்பு. அதை நகத்தளவு சிலிக்கான் சில்லில் அமைத்து, நிலைமாறாமல் இயங்கச் செய்வது ஒருங்கிணைந்த ஒளியியலின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

எந்த ஒளியைக் குவாண்டம் ஒளி என்பது? இதற்கு அளவுகோல் தந்தவர்களுள் ஒருவர் கோட்டயத்தில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஈ. சி. ஜி. சுதர்சன். எந்த ஒளிக்கற்றையையும், லேசர் ஒளி போன்ற சீரான நிலைகளின் கலவையாக எழுதலாம் என்று 1963-இல் அவர் காட்டினார். கலவையின் எடைகள் சாதாரண நிகழ்தகவு போல அமைந்தால் அது பழைய இயற்பியலுக்குள் அடங்கும் ஒளி. அமையாவிட்டால் குவாண்டம் ஒளி. தனி ஒளித்துகள் இந்த வகை. இம்முறைக்கு கிளாபர்-சுதர்சன் என்று இருவர் பெயரும் உண்டு. ஆனால் 2005-ஆம் ஆண்டு நோபல் பரிசில் கிளாபர் மட்டுமே இடம்பெற்றார். சுதர்சன் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

படிகத்தில் லேசரைச் செலுத்தினால் ஒளித்துகள்கள் ஒரே நேரத்தில் இரட்டையாகப் பிறப்பதை 1970-இல் பர்ன்ஹாம், வைன்பர்க் இருவரும் கண்டனர். அதன்பின் பல ஆண்டுகள் இவ்வகைச் சோதனைகளுக்குப் பெரிய மேசையும் அதன்மேல் வரிசையாகக் கண்ணாடிகளும் தேவைப்பட்டன. 2008-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் அக்கண்ணாடிகளின் வேலையைச் சில்லுக்குள் கொண்டுவந்தனர். ஒளி மூலம் அப்போது வெளியிலேயே இருந்தது.

மூலத்தையும் உள்ளே கொண்டுவரப் பயன்படுவது, முடியின் தடிமனுக்கும் குறைவான விட்டமுள்ள சிலிக்கான் வளையமாக இருக்கலாம். லேசரின் இரண்டு ஒளித்துகள்கள் அதில் மறைந்து, வேறு அலைநீளங்களில் ஓர் இரட்டை பிறக்கும். லேசரும் வளையமும் ஒரே சுருதியில் இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். வெயிலில் மிருதங்கத்தின் சுருதி மாறுவது போல, வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் வளையத்தின் அலைநீளம் சுமார் 0.07 நானோமீட்டர் நகர்ந்துவிடும். சுருதி கலைய அது போதும். லேசரே வளையத்தைச் சூடாக்குவதும், பக்கத்து வளையத்தின் சூடு பரவுவதும் சிக்கலைக் கூட்டுகின்றன.

பிறந்த ஒளித்துகளை அளந்து பார்த்துத் திருத்தலாம் என்றால், அளந்ததும் அது அழிந்துவிடும். 2025-இல் பாஸ்டன், பெர்க்லி கலிபோர்னியா, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்களின் குழு இதற்கு வழி கண்டது: வளையத்துக்குள் இருக்கும் லேசர் ஒளியை மட்டும், அது உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு கவனித்து, நுண்சூடேற்றியைக் கூட்டிக் குறைப்பது. 12 வளையங்களும் அவற்றின் கட்டுப்பாட்டு மின்சுற்றும் வழக்கமான 45 நானோமீட்டர் மின்னணுச் சில்லு முறையில் ஒரே சில்லில் அமைந்தன.

தமிழ்நாட்டில் இத்துறையின் மையம் சென்னை ஐ.ஐ.டி. அங்கு பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் தலைமையில், நிரல்படுத்தக்கூடிய ஒளியியல் சுற்றுகளுக்கான சிறப்பு மையம் இயங்குகிறது. 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தின் தகவல்தொடர்பு மையமும் அங்கேயே அமைக்கப்பட்டது.